தண்ணீர் ஊற்றும் பேட்டரி

அந்தக் காரை எனக்குப் பிடிக்காது. இன்றைக்கும் பிடிக்காது. தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு, காலை நீட்டிப் படுத்தபடி ஓட்டுகிற சிவப்பு வண்டி. கூரை துணியால் ஆனது. வேண்டுமென்றால் மடக்கிப் பின்னால் தள்ளிவிடலாம். கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருவுக்குள் அது வந்து நின்ற அன்று, எதிர்வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார்.

"இன்னா சார், ரேஸுக்குக் கீஸுக்குப் போறீங்களா?" என்றார்.

எனக்குக் காது சுட்டது. என் மகள் தன் சம்பளத்தில் வாங்கியது அது. முன்பு யாரோ வைத்திருந்த பழைய வண்டி. வாங்கும்போது அவள் என்னைக் கேட்கவில்லை. அதனால்தான் கோபம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். கோபத்துக்குக் காரணம், அந்த வண்டியில் இரண்டே இருக்கைகள் இருந்தன என்பதுதான். ஒன்றில் மகள் உட்காருவாள். இன்னொன்று யாருக்கு என்பது வண்டி வந்த நாளிலேயே முடிவாகியிருந்தது. அது என் மனைவிக்கு.

நான் திருக்கோவிலூரில் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பேட்டரிக்குள் இருக்கும் ஈயத் தகடுகளையும், கந்தக அமிலத்தையும், மின்னேற்றும்போது கிளம்பும் வாயுக்களையும் கரும்பலகையில் வரைந்து வரைந்தே என் காலம் போயிற்று. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், இனி நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு 'பாவம், தெரியாமல் செய்துவிட்டார்' என்று ஒருவரும் எனக்குச் சலுகை தரக் கூடாது. எல்லாம் தெரிந்துதான் செய்தேன்.

மனைவி கல்வராயன் மலையில் கிராமச் செவிலியராக இருந்தவள். தடுப்பூசி மருந்து வைத்த ஐஸ் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கச்சிராயபாளையத்திலிருந்து ஏறும் பஸ்ஸில் பெரும்பாலும் நின்றுகொண்டே மலை ஏறியிருக்கிறாள். ஒவ்வொரு வளைவிலும் பெட்டி கவிழாமல் பார்க்க வேண்டும், தானும் விழாமல் இருக்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. ஓய்வுக்குப் பிறகு நுரையீரல் அவளுக்கு ஒத்துழைக்கவில்லை. தூசி, புகை, பனி எதுவும் ஆகாது, இழுப்பு வந்துவிடும்.

"அந்த வளைவெல்லாம் ஒருவாட்டியாவது உக்காந்துகினு பாக்கணும்" என்று எத்தனையோ முறை என்னிடம் சொல்லியிருக்கிறாள். எனக்கு எப்போதும் ஸ்பெஷல் கிளாஸ் இருந்தது. அது முடிந்த பிறகு முழங்கால் வலி இருந்தது. கடைசியில் அவள் என்னிடம் சொல்வதை நிறுத்திவிட்டு மகளிடம் சொன்னாள். மகள் கூரை திறக்கிற வண்டி வாங்கினாள்.

அலுவலகம் அவளைச் சில மாதங்கள் வெளிநாட்டுக்கு அனுப்பியபோது வண்டியை எங்கள் வீட்டுக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போனாள். "வாரம் ஒருவாட்டி ஸ்டார்ட் பண்ணி கொஞ்ச நேரம் ஓடவுடுங்கப்பா, இல்லன்னா பேட்டரி செத்துடும்." அவள் கேட்டது அவ்வளவுதான். முதல் வாரம் செய்தேன். பிறகு செய்யவில்லை. போனில் கேட்கும்போதெல்லாம் "பண்ணிட்டேன்" என்றேன். உள்ளே உட்காரவே எனக்கு வெறுப்பாக இருந்தது. அந்த இருக்கை என்னுடையது இல்லை.

வெளிநாட்டு வேலை முடிந்து அவள் சின்ன விடுப்பில் வீட்டுக்கு வந்தபோது வண்டி சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. அவள் என்னைப் பார்த்தாள். நான் "பழைய பேட்டரி, உயிர் போயிருக்கும்" என்றேன்.

சனிக்கிழமை காலை பேட்டரிக் கடைக்குப் போனோம். கடை வைத்திருப்பவன் என் பழைய மாணவன். டிராக்டர்காரர்கள், நெல் அறுக்கும் இயந்திரக்காரர்கள், வீட்டு இன்வெர்ட்டருக்கு வருபவர்கள் என்று எப்போதும் கூட்டம். என்னைக் கண்டதும் எழுந்து நின்று தன் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். என் மகள் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு நாற்காலி இல்லை.

அவள் தெளிவாகச் சொன்னாள். இந்த வண்டியில் பேட்டரி முன்னால் இல்லை, பின்னால் டிக்கியின் அடித்தளத்துக்குக் கீழே இருக்கிறது. டிக்கிக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே இருப்பது ஒரு துணிப் பலகை மட்டும். ஆகவே அமிலம் தளும்பாத, முழுக்க மூடிய வகை வேண்டும். வாயு வெளியே போக ஒரு சின்னக் குழாய் மாட்டும் துளை இருக்க வேண்டும். பேட்டரி வைக்கும் தட்டின் அளவுக்குச் சரியாக உட்கார வேண்டும்.

மாணவன் அவள் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, என் பக்கம் திரும்பிப் பதில் சொன்னான்.

"சார், அந்த வகைலாம் இங்க யாரு கேக்கறாங்க? சென்னைக்குச் சொல்லணும். எங்கிட்ட இருக்கறதுலாம் தண்ணி ஊத்துற பேட்டரி. டிராக்டரே கிளம்புது, இந்தப் பொம்மக் காரு கிளம்பாதா?"

ஓரமாக நின்ற டிராக்டர்காரர் ஒருவர் சிரித்தார். "தெறந்து பாக்க முடியாத பேட்டரிய எப்டி நம்புறது? உள்ள தண்ணி கீதா இல்லியான்னே தெரியாது."

எங்கள் பக்கத்தில் இது ஒரு மதம் மாதிரி. மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும், தண்ணீர் குறைந்தால் ஊற்ற வேண்டும், பிடிமானம் சரியாக இல்லாவிட்டால் லாரி டியூபைக் கத்தரித்த ரப்பரால் இழுத்துக் கட்ட வேண்டும். கை வைக்க முடியாத பொருளை ஒருவரும் பொருளாகவே மதிப்பதில்லை. எனக்கும் அதே பழக்கம்தான். "பெருசா இருந்தா நல்லதுதானம்மா, சக்தி ஜாஸ்தி" என்றேன்.

"அப்பா, சக்தி இங்க பிரச்சனையே இல்ல" என்றாள் மகள். "அம்மா தலைக்குப் பின்னாடி ஆசிட் டப்பாவ வெக்க முடியாது. நீங்களே கெமிஸ்ட்ரி வாத்தியாரு, இது கூடவா நான் சொல்லணும்?"

அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் என் மாணவன் தரையைப் பார்த்தான். டிராக்டர்காரர் மீசையைத் தடவினார். எனக்கு அறை வாங்கியது போல இருந்தது. அவள் சொன்னது ஒவ்வொன்றும் சரி. சரியாக இருந்ததால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

கடை வாசலில் நின்றே அவள் சென்னையில் ஒரு கடைக்குப் போன் செய்து சரியான பேட்டரிக்குச் சொன்னாள். பார்சல் மறுநாள் வரும், திங்கட்கிழமை மலைக்குப் போகலாம், செவ்வாய் அவள் கிளம்ப வேண்டும் என்று திட்டம். ஞாயிறு காலை செய்தி வந்தது: பார்சல் செவ்வாய்தான் வந்து சேரும்.

மகளின் முகம் வாடிவிட்டது. மனைவி அதற்குள் பூசைக்குப் புடவை கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். "வுடு பாப்பா. மல எங்க போவுது? அடுத்த வாட்டி பாத்துக்கலாம்" என்றாள். இப்படித்தான் என்னிடமும் சொல்லிக்கொண்டே இருந்தாள், வருடக் கணக்கில்.

அவர்கள் இருவரும் மாதா கோயிலுக்குப் போனார்கள். நான் முழங்கால் வலி என்று வீட்டில் இருந்துகொண்டேன். அவர்கள் தெருமுனை திரும்பியதும் மாணவனுக்குப் போன் செய்தேன்.

"சார், பாப்பா அது ஆவாதுன்னு சொன்னாங்களே."

"நான் சொல்றேன். எடுத்துகினு வாடா."

வந்தான். பேட்டரி தட்டில் உட்காரவில்லை. ஒரு விளிம்பு தூக்கிக்கொண்டு நின்றது. வண்டியின் சொந்தப் பிடிப்பு அதற்கு எட்டவில்லை. டியூப் ரப்பரால் இழுத்துக் கட்டினான். குழாய் மாட்ட அதில் இடமே இல்லை. "மெதுவா ஓட்டச் சொல்லுங்க சார். அந்த பார்சல் வந்ததும் மாத்திக்கினா போதும்" என்று சொல்லிவிட்டு, கடையில் ஆள் காத்திருப்பதாகப் போய்விட்டான்.

நான் விட்டிருக்கலாம். விடவில்லை. மூடிகளைக் கழற்றிப் பார்த்தேன். தண்ணீர் இருக்க வேண்டிய அளவில் இருந்தது. இருந்தும் இன்வெர்ட்டருக்கு வாங்கி வைத்திருந்த சுத்திகரித்த தண்ணீர் கேனை எடுத்துவந்து, ஒவ்வொரு அறையிலும் கழுத்து வரை ஊற்றினேன். மேலே இடைவெளி விட வேண்டும், இல்லையென்றால் ஆடும்போது அமிலம் வெளியே தள்ளும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்த அதே கை. ஏன் ஊற்றினேன்? என் கையால் ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது. அந்த வண்டி என்னால் கிளம்பியது என்று இருக்க வேண்டியிருந்தது. வேறு காரணம் இல்லை.

பூசை முடிந்து அவர்கள் வந்தபோது கொட்டகையில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மகள் ஓடிவந்தாள்.

"எப்டிப்பா? பேட்டரி ஏது?"

"விழுப்புரத்துல ஒருத்தங்கிட்ட இருந்ததாம். வரவழைச்சான்."

"மூடுன வகைதான?"

"அதான்."

"குழாய் மாட்டியாச்சா?"

"மாட்டியாச்சு."

அவள் டிக்கியின் அடிப்பலகையைத் தூக்கிப் பார்க்கவில்லை. நான் சொன்னால் போதும் என்று இருந்துவிட்டாள். "சாரிப்பா, நேத்து கடையில அப்டிப் பேசியிருக்கக் கூடாது" என்றாள். அந்த மன்னிப்பையும் நான் வாங்கிக்கொண்டேன். இதை எழுதும்போது என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

மறுநாள் காலை மனைவி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வண்டிக்குள் இறங்கி உட்கார்ந்தாள். "இன்னாங்க, சினிமாக்காரி மாதிரி கீறனா?" என்று சிரித்தாள். "நீங்களும் வரலாம். டிக்கியில எடம் கீது."

மகளும் சிரித்தாள். நானும் சிரித்தேன். கூரை திறந்தபடி வண்டி தெருவைத் தாண்டிப் போனது.

பிறகு நடந்தது மகள் சொல்லித் தெரியும். கோமுகி அணை தாண்டியதும் தூறல் போட்டிருக்கிறது. அம்மாவுக்கு ஈரம் ஆகாது என்று கூரையை மூடி, கண்ணாடிகளை ஏற்றியிருக்கிறாள். வளைவுகள் ஆரம்பித்தன. மனைவி வெளியே பார்த்து "இங்க இவ்ளோ பெரிய பள்ளமா!" என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டு வந்தவள், அடுத்த வளைவில் இருமினாள். கண் எரிகிறது என்றாள். வண்டிக்குள் ஏதோ கரிக்கும் நெடி. எஞ்சினில் கோளாறு என்று நினைத்து மகள் ஓரங்கட்டி நிறுத்துவதற்குள் அவளுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. மரவள்ளி ஏற்றப் போன மினி லாரிக்காரர் ஒருவர் நிறுத்தி, இருவரையும் ஏற்றிக்கொண்டு மேலே சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனார்.

எனக்குப் போன் வந்தது. வாடகைக் காரில் ஏறி மலைக்குப் போனேன். அந்த வளைவுகளை நானும் அன்றைக்குத்தான் உட்கார்ந்துகொண்டு பார்த்தேன். ஒரு வளைவில் சிவப்பு வண்டி டிக்கி திறந்தபடி மழையில் நின்றது.

மனைவி வேலை பார்த்த அதே சுகாதார நிலையம். கட்டிலில் ஆக்சிஜன் முகமூடி வைத்துப் படுக்க வைத்திருந்தார்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்கள் எழும்பின. கண்கள் சிவந்து நீர் வழிந்தது. மகள் சுவரோரம் நின்றிருந்தாள். அம்மாவைச் சேர்த்துவிட்டு, அதே லாரியில் வண்டிவரை திரும்பிப் போய், அடிப்பலகையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். ரப்பர் நழுவிப் பேட்டரி சாய்ந்து கிடந்ததாம். அமிலம் கம்பளத்தைத் தின்று தகட்டில் இறங்கியிருந்ததாம். தொட்ட விரல்கள் வெந்து வெளுத்திருந்தன.

"அது இன்னாப்பா, அங்க இருக்கறது?" என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை.

நான் சொன்னேன்: "அவன் ஏமாத்திட்டான்."

யோசிக்கவே இல்லை. கரும்பலகையில் எழுதி வைத்திருந்ததைப் படிப்பது போல வாயிலிருந்து வந்தது.

இரண்டு நாளில் மனைவியை வீட்டுக்குக் கூட்டிவந்தோம். மகள் விடுப்பை நீட்டினாள். நேராகக் கடைக்குக் கிளம்பினாள். "நீங்களும் வாங்கப்பா. நீங்க கேட்டாதான் அவருக்கு உறைக்கும்" என்றாள். போனேன். போகாமல் இருக்க ஒரு பொய்கூட அகப்படவில்லை.

கடையில் கூட்டம். எல்லோர் முன்னாலும் அவள் கேட்டாள். "மூடுன பேட்டரின்னு சொல்லி இத மாட்டியிருக்கீங்களே, எங்கம்மா செத்துருந்தா? மனுஷன்தானா நீங்க?" அவன் என்னைப் பார்த்தான். ஒரே ஒரு பார்வை. நான் அலமாரியில் அடுக்கியிருந்த பேட்டரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் ஊர்ப்பக்கம், பாடம் சொல்லிக்கொடுத்தவரை நாலு பேர் முன்னால் மறுத்துப் பேசமாட்டார்கள். தலை நரைத்த பிறகும் மாட்டார்கள். அவன் தலை நரைத்தவன்தான். கல்லாவிலிருந்து எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டான்.

"தப்பு எம்மேலதான்மா" என்றான்.

அவன் மீது எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது! 'உங்கப்பாதான்மா போன் பண்ணாரு' என்று ஒரு வரி சொன்னால் முடிந்துபோயிருக்கும். சொல்லாமல் கையைக் கட்டுகிறான். அந்தக் கட்டிய கையை நான்தான் பழக்கினேன். வகுப்பில் கை கட்டாதவனை வெளியே நிறுத்தியிருக்கிறேன். அவன் மரியாதைக்குப் பின்னால் நான் பத்திரமாக ஒளிந்துகொண்டு நின்றேன். கடையில் இருந்தவர்கள் அவனை ஒரு மாதிரி பார்த்தார்கள். பேட்டரி வாங்க வந்த ஒருவர் வாங்காமலே வெளியே போனார்.

"எங்கிட்ட சொல்லி என்ன? எங்கம்மாகிட்ட வந்து சொல்லுங்க" என்றாள் மகள்.

மாலையில் சாத்துக்குடிப் பையோடு வந்தான். மனைவி தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இன்னும் ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் முடிக்க முடியவில்லை.

"சிஸ்டரம்மா, மன்னிச்சிக்குங்க. நாந்தான் தெரியாம..."

அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"இன்வெர்ட்டர் தண்ணி கேனு... ஏங்க கொட்டாயில கெடந்துது? பூசை முடிஞ்சி வந்தப்பவே பாத்தேன்." மூச்சு வாங்கினாள். "மூடுன பேட்டரிக்கு... எதுக்குத் தண்ணி?"

மகள் திரும்பினாள். என் மாணவன் அவசரமாகக் குறுக்கே வந்தான். "இல்ல சிஸ்டரம்மா, சார் மேல எந்தத் தப்பும் இல்ல. சாருக்கு ஒண்ணும்..."

"வாய மூடுடா!" என்று கத்தினேன்.

வீடே அதிர்ந்தது. என் ஒப்புதல் இப்படித்தான் வெளியே வந்தது, கண்ணீராக அல்ல, ஒரு நல்ல மனிதனைத் திட்டிக்கொண்டு. "நாந்தான் போன் பண்ணேன். இவன் வேணாம்னுதான் சொன்னான். நாந்தான் கட்டச் சொன்னேன், நாந்தான் ரொம்பத் தண்ணி ஊத்துனேன். வாராவாரம் வண்டிய எடுக்கவும் இல்ல. எல்லாம் தெரியும். தெரிஞ்சிதான் பண்ணேன். போதுமா?"

அந்தப் 'போதுமா'வை நான் யாரிடம் கேட்டேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

மகள் என் மாணவனிடம்தான் முதலில் பேசினாள். "அண்ணா, கடையில பேசுனதுக்கு மன்னிச்சிடுங்க. நாளைக்கு அங்கயே வந்து எல்லார் முன்னாடியும் சொல்றேன்." மறுநாள் போய்ச் சொன்னாள். என்னை வரச் சொல்லவில்லை. நானாகப் போயிருக்க வேண்டும். ஒரு வாரம் கழித்துத்தான் போனேன். அவன் பழையபடி எழுந்து நாற்காலியைத் துடைத்தான். "வுடுங்க சார்" என்றான். திட்டுவான் என்று எதிர்பார்த்துப் போனவனை உட்கார வைத்து டீ சொன்னான். அதைவிட ஒரு அறை கொடுத்திருக்கலாம்.

நான் ஒப்புக்கொண்ட அன்றிரவு மனைவி மட்டும் ஒன்று கேட்டாள். "வண்டியில எடம் இல்லன்னுதான?" நான் விளக்கை அணைத்தேன். "கேட்டிருந்தா, ஒரு வளைவு வரைக்கும் நான் எறங்கி நின்னுகினு உங்கள உக்கார வெச்சிருப்பனே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பார்சலில் வந்த பேட்டரியை மகளே மாட்டினாள். நான் விளக்குப் பிடிக்கப் போனேன். "வேணாம்பா" என்றாள். அமிலம் அரித்த தகட்டை ஒட்டுப்போட்டுச் சாயம் அடித்து, விடுப்பு முடிந்ததும் வண்டியையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பள்ளியில் படித்த காலத்திலிருந்து எந்தச் சந்தேகம் என்றாலும் முதலில் என்னைத்தான் கேட்பாள். இப்போது போன் வந்தால் அம்மாவிடம் பேசுகிறாள்; என்னிடம் சாப்பிட்டீங்களா என்று கேட்கிறாள்.

மழைக்காலம் முடிந்து மருத்துவர் மலைக்குப் போகலாம் என்று சொன்ன பிறகு மகள் மறுபடி வந்தாள். வானம் வெளுத்து இருந்தது. வண்டியைக் காம்பவுண்டுக்குள் நிறுத்தியதும் டிக்கியைத் திறந்து பொருள்களை இறக்கினாள். அடிப்பலகையைத் தூக்கிச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"அம்மா, இங்க வா. பாரு. இதான் பேட்டரி. இது குழாய், கீழ வெளிய போவுது. ஆட்டிப் பாரு, ஆடுதா?"

மனைவி இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். பிறகு, மருந்துக் குப்பியை மோந்து பார்ப்பது போலக் குனிந்து மோந்தாள்.

"ஒண்ணும் இல்ல. போலாம்" என்றாள்.

நான் மூன்றடி தள்ளி நின்றிருந்தேன். இருவரும் என் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று முடிவெடுத்து அல்ல. அவர்கள் சரிபார்க்க வேண்டியதைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். என் சொல்லை நம்பிப் பலகையைத் தூக்காமல் விட்ட பெண், இனி ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் அதைத் தூக்குவாள்.

கூரை பின்னால் மடங்கியது. மனைவி கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். இந்த முறை கேலி எதுவும் செய்யவில்லை.

"கேட்டத் தொறங்க" என்றாள்.

கேட்டைத் திறந்து, அவர்கள் போகும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.